பழைய ஜீப்புல கூட்டமா கொல்லிமலை: பெட்ரோல் ஜீப்ப விட்டுட்டு போகலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம்ங்க. போன வீடியோ போட்டதுக்கப்புறம் நெறைய கேள்வி வந்துருக்கு, ஆனா இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துக்கப் போறேன், ஈரோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டுருக்காரு. படிக்கறேன் கேளுங்க. "அண்ணா, நாங்க நாலு பேரு. ரெண்டு எம்எம் 540, ஒரு சிஎல் 500, ஒரு 1962 மாடல் பெட்ரோல் ஜீப். எல்லாரும் சேர்ந்து கொல்லிமலை போய் ரெண்டு நாள் தங்கி ஆஃப் ரோடு ஓட்டலாம்னு பிளான். பெட்ரோல் ஜீப் மலை ஏறாது, நடுவுல நிக்கும், வண்டிய வீட்டுல விட்டுட்டு அவர மட்டும் நம்ம வண்டியில ஏத்திக்கலாம்னு ரெண்டு பேர் சொல்றாங்க. என்ன பண்றது?" எம்எம் 540, சிஎல் 500 ரெண்டுமே மஹிந்திராவோட டீசல் ஜீப்.

தம்பி, விட்டுட்டு போகாதீங்க. அந்த மனுசன் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கையில கிரீஸோட உக்காந்து அந்த வண்டிய உசுரோட வச்சுருக்காரு, அவர உங்க வண்டியில பின்னாடி சீட்டுல உக்கார வச்சு கூட்டிட்டு போனா அவருக்கு அது ட்ரிப்பே இல்ல. அப்புறம் மலை ஏறாதுன்னு யாரு சொன்னது? 62 மாடல், பானட்டு நல்லா உசரமா இருந்துச்சுன்னா அது சிஜே 3பிங்கற மாடல், அதோட 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் உள்ள நிக்கறதுக்குத்தான் பானட்டையே ஒசத்துனாங்க. ஏறறதுல 540க்கு கொஞ்சமும் கொறஞ்சது இல்ல. பிரச்சன ரெண்டே எடத்துலதான், ஒண்ணு சூடு, இன்னொண்ணு எறங்கறது. அந்த ரெண்டையும் வச்சு பிளான் போடுங்க, அதாவது மத்த மூணு வண்டியும் அந்த ஒரு வண்டியோட வேகத்துக்கு வரணும்.

சூடுன்னு சொன்னேன்ல, ஈரோட்டுல இருந்து திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் வந்து காரவள்ளியில மலை ஆரம்பிக்குது, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. காலையில பத்து மணிக்கு எந்திரிச்சு டிபன் சாப்ட்டு கெளம்புனீங்கன்னா உச்சி வெயில்ல அடிவாரத்துல நிப்பீங்க, அப்ப பெட்ரோல் ஜீப்புக்கு என்னாகும்னா இன்ஜின் சூட்டுல ஃப்யூல் பம்புக்குள்ளயே பெட்ரோல் ஆவியாயிடும், பம்பு அடிக்கும் ஆனா கார்பரேட்டருக்கு ஒண்ணும் போகாது, வண்டி இருமி இருமி நின்னுரும். உடனே பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர கழட்டாதீங்க, அதுக்குள்ள இருக்கற பாயிண்ட்ட தேய்க்காதீங்க. ஒரு துணிய தண்ணியில நனைச்சு பம்பு மேலயும் பைப்பு மேலயும் சுத்துங்க, பதினஞ்சு நிமிசம் டீ குடிங்க, ஸ்டார்ட் ஆயிரும். இன்னொண்ணு, இப்ப பங்குல வர்றது இ20 பெட்ரோல், எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்புக்குள்ள இருக்கற டயாஃப்ரம்ங்கற சவ்வும் அதுல ஊறி ஊறி இத்துப் போயிரும். அந்த ஜீப்புல பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு கீழயே இருக்கு, ஒழுகுனா ஆபத்து, ஞாபகம் வச்சுக்கங்க. ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ஹோஸா மாத்திட்டுத்தான் கெளம்பணும், இதுல காசு பாக்காதீங்க.

இப்ப எறங்கறது. இத நான் சொல்லியே ஆகணும், நேர்ல பாத்தது. ஏழெட்டு வருசம் முன்னாடி நாங்க அஞ்சு வண்டி இதே கொல்லிமலையில இருந்து எறங்கறோம், எனக்கு முன்னாடி ஒரு நண்பரோட பெட்ரோல் ஜீப். ஒரு வளைவுல அவரு பிரேக் லைட்டு எரியுது, அணையுது, எரியுது, அணையுது, பெடல அமுக்கி அமுக்கி பாக்கறாருன்னு அப்பவே எனக்கு புரிஞ்சு போச்சு. பெடல் நேரா பலகைக்கு போயிருச்சு. பழைய ஜீப்புல பிரேக்கு ஒரே லைன், ஒரு வீல்ல ஆயில் ஒழுகுனாலும் நாலு வீலும் போச்சு. நல்ல வேளை அவரு செகண்ட் கியர்ல இருந்தாரு, ஹேண்ட் பிரேக்க இழுத்துக்கிட்டே வண்டிய மலை ஓரமா சாச்சு, இடது பக்க வீல ஓடைக்குள்ள எறக்கி உரசி நிறுத்துனாரு. பின்னாடி வீலு உள்பக்கம் குனிஞ்சு பாத்தா டயர் மேல கையகலத்துக்கு ஈரம், தூசி ஒட்டி கருப்பா, தொட்டா வழவழன்னு இருக்கு. வீல் சிலிண்டர்ல பிரேக் ஆயில் ஒழுகாம அடைச்சு வைக்கற ரப்பர் கப்பு போயிருக்கு. அந்த ஈரம் கெளம்பறதுக்கு முன்னாடியே லேசா இருந்துருக்கும், நாங்க யாரும் குனியல. இன்ஜின பாத்தோம், டயர பாத்தோம், பாலீஷ் கூட போட்டோம், வீலுக்கு உள்பக்கம் பாக்கல.

அதனால உங்க நாலு வண்டியும் கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பிரேக் ட்ரம்ம கழட்டி கப்பு எல்லாம் புதுசா போட்டு, பிரேக் ஆயில மொத்தமா மாத்தி, லைனுக்குள்ள இருக்கற காத்த வெளிய எடுங்க. எறங்கும்போது எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க, பெட்ரோல் ஜீப்புல மூணே கியர்தான், செகண்ட விட்டு மேல போகவே வேணாம். சிஜே 3பியில ஃபர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோ, அதாவது ஓடும்போதே கியர சத்தமில்லாம விழ வைக்கற சாமான், கெடையாது, ஓடும்போது போட போனா கரகரன்னு கத்தும், அதனால ரொம்ப எறக்கமான எடம் வருதுன்னா முன்னாடியே நின்னு ஃபர்ஸ்ட் போட்டுட்டு எறங்கணும். பதினஞ்சு இருவது வளைவுக்கு ஒரு தடவ நிறுத்துங்க. ட்ரம் சூடா இருக்குன்னு தண்ணிய ஊத்திராதீங்க, விரிசல் விட்டுரும், தானா ஆறட்டும்.

வரிசைல பெட்ரோல் ஜீப் முன்னாடி போகட்டும். அதுதான் வேகத்த முடிவு பண்ணும். உங்கள்ல யாருக்கு ஸ்பேனர் பிடிக்க தெரியுமோ அவரு கடைசி வண்டி. ஒவ்வொருத்தரும் பின்னாடி வர்ற வண்டிக்கு பொறுப்பு, கண்ணாடில அது தெரியலன்னா நின்னுருங்க, அவ்வளவுதான், வாக்கி டாக்கி எல்லாம் இருந்தா நல்லது, இல்லன்னாலும் இது போதும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஸ்பேர் பத்தி ஒரு வார்த்தை. 540 ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சாமான், அதனால ஃபேன் பெல்ட், ஹோஸ் ஒரு செட்டு போதும். பெட்ரோல் ஜீப்புக்கு பாயிண்ட், கன்டென்சர், காயில், பிளக்கு தனியா. லீஃப் ஸ்ப்ரிங்குக்கு சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் மறக்காம எடுங்க.

அடுத்தது ஆஃப் ரோடுன்னு சொன்னீங்கல்ல. தம்பி, மண் ரோடு தெரியுதுன்னு காட்டுக்குள்ள வண்டிய விட்டுராதீங்க, ரிசர்வ் ஃபாரஸ்ட்டுல அனுமதி இல்லாம நுழைஞ்சா கேசு. 2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத் தீயில மலையேறப் போனவங்க இருவது பேருக்கு மேல செத்துப் போனாங்க, யாரும் மறந்துருக்க மாட்டீங்க. காட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா உதவி வர்றது எவ்வளவு கஷ்டம்னு அன்னிக்கு பாத்தோம். மலை மேல தெரிஞ்சவங்க எஸ்டேட்டோ தோட்டமோ இருந்தா ஓனர்கிட்ட கேட்டு, உள்ள இருக்கற பாதையில ஓட்டுங்க, காப்பி செடி, மொளகு கொடி மேல ஏத்தாம. ஃபோர் வீல் டிரைவ் அங்க மட்டும் போடுங்க, தார் ரோட்டுல போடவே கூடாது, முன்னாடி பின்னாடி ஆக்சில் ஒண்ணோட ஒண்ணு இழுத்துக்கிட்டு, ரெண்டுக்கும் இழுவைய பிரிச்சு குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிரும். ஃபோர் வீல்ல லோ கியர் போட்டா ரெண்டரை மடங்கு கிட்ட இழுவை கூடும், வேகம் தேவையே இல்ல, நடக்கற வேகத்துல போங்க. ஆடி பதினெட்டு சமயத்துல வல்வில் ஓரி விழா, கூட்டம் தாங்காது, ஐப்பசி கார்த்திகை மழை. தை மாசி போங்க.

ஒரு விசயம் விட்டுட்டேன், முக்கியம். அந்த 62 ஜீப்பு ஆர்.சி.ய வாங்கி பாருங்க. சாதா ரெஜிஸ்ட்ரேஷன்ல எஃப்.சி. புதுப்பிச்சு இருந்தா கவலையில்ல. ஆனா 2021ல வந்த வின்டேஜ் விதிப்படி, 50 வருசம் தாண்டுன வண்டின்னு வி.ஏ. சீரிஸ் நம்பருக்கு மாத்தியிருந்தாருன்னா, அந்த வண்டிய கண்காட்சி, வின்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க, இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். நம்ம இஷ்டத்துக்கு ட்ரிப் போக முடியாது. இத பாக்காம கெளம்பிட்டு செக்போஸ்ட்ல நிக்காதீங்க.

இதெல்லாம் சரியா இருந்தா கெளம்பற நேரத்த பெட்ரோல் ஜீப் வச்சுருக்கறவர்கிட்டயே கேளுங்க. அவரு காலைல நாலரைன்னு சொன்னா நாலு பேரும் நாலரைக்கு ரெடியா நிக்கணும்.