மார்ட்டினை டுகாட்டி ஏன் விட்டுச்சு?

வணக்கம் மக்களே! போன வீடியோ கமெண்ட்ல நிறைய பேரு ஒரே கேள்விதான். "ப்ரோ, 2024 மோட்டோஜிபி பைக் ரேஸ்ல மார்ட்டின் சாம்பியன் ஆனாரே, அவரு ஓட்டின பைக்கைச் செஞ்ச டுகாட்டி கம்பெனி அவரை எப்படி விட்டுச்சு?" சரி, இன்னிக்கு அதையே பேசிடுவோம்.

அந்த வருஷம் ஜூன் தொடக்கம், இத்தாலி, முஜெல்லோ. டுகாட்டி ஃபேக்டரி டீம்ல, அதாவது கம்பெனியோட சொந்த டீம்ல, ரைடர் பான்யாயா பக்கத்துல ஒரு சீட்டு, போட்டிக்கு மூணு பேரு. அந்த சீட்டுல ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற பாஸ்தியானினி. அப்போ டுகாட்டி பைக்கை ஓட்டின தனியார் டீம் ப்ராமக்ல இருந்துக்கிட்டு பாயிண்ட்ஸ்ல முதல் இடத்துல இருக்கிற மார்ட்டின். அதே மாதிரி இன்னொரு டீமான கிரெசினில போன வருஷத்து டுகாட்டி பைக்கை ஓட்டிட்டிருக்கிற மார்க் மார்க்கேஸ். பாடாக் (ட்ராக்ல டீம்கள் எல்லாம் இருக்கிற இடம்) முழுக்க ஓடின கணக்கு என்னன்னா, மார்ட்டின் ஃபேக்டரிக்கு, மார்க்கேஸ் ப்ராமக்குக்கு, ஆனா அவருக்கும் புது பைக். எல்லாருக்கும் சந்தோஷம்!

வியாழக்கிழமை மார்க்கேஸ் வந்தாரு. மைக் முன்னாடி உட்கார்ந்து, ப்ராமக் எனக்கு ஒரு ஆப்ஷனே இல்லன்னு சொல்லிட்டாரு. அவ்ளோதான், மொத்தக் கணக்கும் கலைஞ்சுது.

எப்படி அவ்ளோ தைரியமா சொல்ல முடிஞ்சுது? இங்கதான் நீங்க கவனிக்கணும். ஹோண்டாகூட 2020ல நாலு வருஷத்துக்கு கையெழுத்து போட்டவரு அவரு. அதே வருஷம் கை உடைஞ்சுது, நாலு ஆபரேஷன், பைக்கும் சரியில்ல. 2023 அக்டோபர்ல, இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே பேசி வெளிய வந்துட்டாரு. பெரிய சம்பளத்தை விட்டுட்டு கிரெசினில வெறும் ஒரு வருஷ காண்ட்ராக்ட். அந்த ஒரு வருஷம்தான் அவரோட துருப்புச் சீட்டு. வருஷக் கடைசில யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல, எந்தக் கம்பெனிக்கு வேணா போவாரு. இவரு எதிரி பைக்ல உட்கார்றதை டுகாட்டி நினைச்சுப் பார்க்கணும்ல?

ஞாயிறு ரேஸ்ல கடைசி வளைவுல மார்ட்டினைத் தாண்டி பாஸ்தியானினி ரெண்டாவது வந்தாரு. பாவம், அதனால ஒண்ணும் ஆகல. திங்கக்கிழமை இன்னொரு இத்தாலி பைக் கம்பெனியான ஏப்ரிலியா மார்ட்டினை அறிவிச்சுது, புதன்கிழமை டுகாட்டி மார்க்கேஸை அறிவிச்சுது. 2018ல இதே முஜெல்லோல அப்போதைய டுகாட்டி ரைடர் லொரென்சோ ஜெயிச்சாரு, அப்பவும் டுகாட்டி அவருக்கு ஏற்கெனவே கையை விரிச்சாச்சு. அந்த ட்ராக்ல ஏதோ இருக்குப்பா.

இப்போ மார்ட்டின் பக்கம் வாங்க. 2022லயே அவரைத் தாண்டித்தான் பாஸ்தியானினிக்கு அந்த சீட்டைக் கொடுத்தாங்க. ரெண்டாவது தடவையும் இப்படின்னா கோவம் வராதா? அந்தக் கோவத்தோட ப்ராமக் பைக்லயே சாம்பியன் ஆயிட்டு, சாம்பியனுக்கான நம்பர் 1-ஐ ஏப்ரிலியாவுக்கு எடுத்துட்டுப் போனாரு.

அவரோட ஏப்ரிலியா காண்ட்ராக்ட்ல ஒரு ஷரத்து. முதல் ஆறு ரவுண்டுல ரிசல்ட் சரியில்லன்னா 2026க்கு வேற இடம் பார்க்கலாம். ஆனா 2025ல அடிமேல அடி, அந்த ஆறுல அவரு ஓட்டினதே கத்தார் ஒண்ணுதான். அங்கயும் விழுந்து விலா எலும்பு உடைஞ்சுது. அப்புறமும் "ஷரத்து இருக்கு, கிளம்புறேன்"ன்னாரு, ஹோண்டா பக்கம் பேச்சு ஓடுச்சு. ஏப்ரிலியா ரேஸ் பிரிவோட தலைவர் ரிவோலா, "நீ பைக்கே ஓட்டல, என்ன ரிசல்ட்டை வச்சுப் போற?"ங்கிற மாதிரி நின்னுட்டாரு. என்னைக் கேட்டா, ரிவோலா பக்கம்தான் நியாயம். நடுவுல சில்வர்ஸ்டோன்ல அதே ஏப்ரிலியா பைக்ல மார்ட்டினோட டீம்மேட் பெட்செக்கி ஜெயிச்சாரு! ரேஸை நடத்தின டோர்னா கம்பெனியோட தலைவர் எஸ்பெலெட்டாவும், சமாதானமோ கோர்ட் தீர்ப்போ இல்லாம வேற டீம்ல என்ட்ரி கிடையாதுன்னுட்டாரு. ஜூலைல செக் நாட்டு பிர்னோ ரேஸுக்கு வந்து, "ஏப்ரிலியாலயே இருக்கேன்"னு மார்ட்டின் சொன்னாரு.

அந்த செப்டம்பர்ல ஜப்பான் மோட்டெகில, ஹோண்டாவோட சொந்த ட்ராக்ல, டுகாட்டி பைக்ல மார்க்கேஸ் பட்டத்தை ஜெயிச்சாரு.

2027ல 850 சிசி இன்ஜின், பிரெல்லி டயர், எல்லாமே புதுசு. அதான் பெரும்பாலான காண்ட்ராக்டும் 2026 கடைசியோட முடியற மாதிரி போட்டு வச்சிருக்காங்க. புது பைக் எது வேகம்னு தெரியறதுக்கு முன்னாடியே கையெழுத்து போடணும். நீங்க மார்ட்டின் இடத்துல இருந்தா எத்தனை வருஷத்துக்குப் போடுவீங்க? கமெண்ட்ல போடுங்க.