மிஷனெரிக் குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போனதுண்டா? – கொடைக்கானல் பற்றிய நேயர் கேள்விக்கு விளக்கம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் உள்ள பழைய அமெரிக்க மிஷன் பங்களாக்களைப் பற்றி நாம் பேசிய காணொளியைப் பார்த்துவிட்டு, வத்தலக்குண்டிலிருந்து ஒரு சகோதரி மூன்று சந்தேகங்களைச் சேர்த்தே கேட்டிருக்கிறார். கடல் கடந்து வந்த அந்தக் குடும்பங்கள் பெற்றோரையும் கூடப்பிறந்தவர்களையும் பார்க்க ஊருக்குப் போனதுண்டா என்பது ஒன்று. பெற்ற பிள்ளைகளை மலையில் விடுதியில் விட்டுவிட்டு, தாங்கள் மட்டும் கீழே மதுரையிலும் திருமங்கலத்திலும் இருக்க எப்படி மனம் வந்தது என்பது இரண்டாவது. அவர்களுடைய சொந்தக்காரர்கள் யாராவது இங்கே வந்து பார்த்தார்களா என்பது மூன்றாவது. இரண்டாவது கேள்வியில் சற்றுக் கோபம் தெரிகிறது. அது நியாயமான கோபம்தான். ஆனால் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்று கொடைக்கானலில் ஒரு பள்ளி வருவதற்கு முன்னால் நிலைமை என்னவாக இருந்தது என்று தெரிந்தால், அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்று சகோதரிக்கே தோன்றும் என நினைக்கிறேன்.

அமெரிக்க மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. அன்றைக்குப் பாஸ்டன் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் ஏறினால், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர நான்கைந்து மாதங்கள் ஆகும். ஊருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதில் பெறுவதற்குள் கைக்குழந்தை நடக்கத் தொடங்கிவிடும். ஆகையால் விடுமுறைக்கு ஊருக்குப் போவது என்ற பேச்சே அப்போது இல்லை. உடல்நலம் முற்றிலும் கெட்டுப்போனால்தான் திரும்ப அனுப்புவார்கள். 1819-இல் இலங்கைக்கு வந்த டாக்டர் ஜான் ஸ்கடர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகி, 1842-இல் உடல்நலக் குறைவால்தான் அமெரிக்கா திரும்பினார். போனவர் ஓய்வெடுத்தாரா என்றால், அங்கே ஊர் ஊராகச் சென்று சிறுவர் கூட்டங்களில் பேசிவிட்டு, 1846-இல் மறுபடி கப்பல் ஏறிவிட்டார்.

இங்கே காலராவும் காய்ச்சலும் வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதன் பிறகுதான் பழனி மலையின் மேலே ஏறி, 1845-இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் சொகுசு பங்களா என்று படம் எடுத்துக்கொள்ளும் இந்த ஊர், உயிர் தப்புவதற்காகத் தேடப்பட்ட இடமாகவே தொடங்கியது.

உயிர் தப்பிய பிள்ளைகளைப் படிக்க வைப்பது எங்கே? பெரும்பாலான குடும்பங்கள் பிள்ளைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ, ஆபர்ன்டேல், ஓபர்லின் போன்ற ஊர்களில் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்றே நடந்த இல்லங்களிலோ விட்டுவிட்டுத் திரும்பி வந்தன. நீலகிரியில் கேத்தியில் தங்கி ஊழியம் செய்த, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷன் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களுடைய பிள்ளைகள் சிறு வயதிலேயே சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டியிருந்தது. வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவரையும் பள்ளி வயதில் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, தகப்பனார் முன்னும் தாயார் பின்னுமாக இந்தியா திரும்பினார்கள். அடுத்து அவர் தாயை இந்த மண்ணில் கண்டது 1890-இல், திண்டிவனத்தில் தாயார் நோயுற்றிருந்தபோது. பத்து வயதைத் தாண்டிய பெண் குழந்தைக்கு அந்த இடைப்பட்ட ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சகோதரியின் யோசனைக்கே விடுகிறேன்.

இந்தப் பின்னணியில்தான் 1901-இல் கொடைக்கானலில் ஹைகிளார்க் என்ற கட்டடத்தில் பள்ளி தொடங்கியது. கடலுக்கு அப்பால் ஆண்டுக்கணக்கில் விடப்பட வேண்டிய பிள்ளை, இப்போது மலையேறினால் பார்க்கக்கூடிய தூரத்துக்கு வந்துவிட்டது. பள்ளி நாட்காட்டியையே வெயிலைப் பார்த்துத்தான் வகுத்தார்கள். சமவெளி கொதிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் பெற்றோர் மேலே வந்து பிள்ளைகளோடு தங்குவார்கள். அக்டோபர் நடுவில் மழையும் குளிரும் பிடிக்கும்போது நீண்ட விடுமுறை விட்டு, பிள்ளைகள் கீழே இறங்கி, கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் மேலே திரும்புவார்கள். நம் பள்ளிகளில் மே மாதம் விடுமுறை என்றால், அங்கே மே மாதம்தான் ஊரே நிறைந்திருக்கும் மாதம். பாரசீக வளைகுடாவில், பஸ்ராவிலும் பஹ்ரைனிலும் இருந்த அமெரிக்க மிஷன் குடும்பங்கள்கூடப் பிள்ளைகளை இங்கே அனுப்பின. அந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது இரயிலும் கப்பலுமாக ஒரு தனிப் பிரயாணம்.

மலையேறுவதும் அன்று இலேசான காரியம் அல்ல. அம்மையநாயக்கனூரில் இரயிலை விட்டு இறங்கி, இரவு முழுதும் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து செங்குத்தான குதிரைப் பாதையில் பெரியவர்கள் மட்டக் குதிரையிலும் பிள்ளைகள் டோலியிலும் ஏற வேண்டும். டோலி தூக்கியவர்களைப் பற்றி அந்தக் காலத்துக் குறிப்புகளில் அதிகம் கிடையாது. அந்த மனிதர்களுக்கென்று ஒரு காணொளி தனியாகப் போட வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் லாஸ் காட் ரோடு என்ற மலைச்சாலை வந்து, மோட்டார் வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சிரமம் தீர்ந்தது.

அதற்காகப் பள்ளி பிரிவையே ஒழித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை இரவில் காய்ச்சலில் கிடந்தால், அதன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது விடுதிப் பொறுப்பாளரே தவிர தாய் அல்ல. முன்பிருந்ததைவிட மேல் என்பதால் அது நல்லதாகிவிடாது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களும் பெருகிய பிறகு, ஊருக்குப் போய்வர ஓர் ஒழுங்கு உண்டாயிற்று. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஊழியம் செய்தால் ஓராண்டு விடுப்பு. கப்பல் செலவு மிஷனுடையது. முதலில் தூத்துக்குடியிலிருந்து கப்பலிலும், 1914-இல் பாம்பன் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடி வரை போட் மெயில் என்ற இரயிலிலுமாக, கொழும்பு வழியாக மதுரைக் குடும்பங்கள் போய்வந்தன. பெட்டிகளில், பயணத்தில் தேவைப்படுவது, தேவைப்படாதது என்று சீட்டு ஒட்டி, தேவைப்படாததைக் கப்பலின் அடித்தட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது அந்த அடித்தட்டுப் பெட்டிகளைப் பிரித்தால், ஒரே பிள்ளைக்கு ஓர் அளவைவிட அடுத்தது பெரிதாகச் சப்பாத்துகள் வரிசையாக இருக்கும். அடுத்த விடுப்பு வரும் வரை அந்தக் கால் எவ்வளவு வளரும் என்று கடையிலேயே கணக்குப் போட்டு வாங்கியவை.

அந்த ஓராண்டும் உறவினரோடு கழிந்ததா என்றால், பெரும்பகுதி கழியவில்லை. காணிக்கை அனுப்பிய சபைகளுக்கெல்லாம் தகப்பனார் போய்ப் பேச வேண்டும், படங்களைக் காட்ட வேண்டும், அடுத்த ஏழு ஆண்டுக்கான ஆதரவைத் திரட்ட வேண்டும். பாட்டியார் எத்தனையோ காலம் எதிர்பார்த்திருந்த பேரப்பிள்ளை வந்து நின்றால், அது ஆயாவோடு தமிழில் பேசி வளர்ந்தது, பனியைக் கண்டிராதது, அத்தை மாமாக்களின் முகத்தை நிழற்படத்தில் மட்டுமே பார்த்தது. பெரியவர்களுக்கு அது ஊருக்குத் திரும்புதல். பிள்ளைகளுக்கோ தெரியாத ஊருக்கு விருந்தாளியாகப் போவது.

இது வெள்ளைக்காரர்கள் கதை மட்டும் அல்ல. 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தமிழ்க் குடும்பங்களை அனுப்பியது. இன்றும் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் ஊழியம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் பிள்ளைகளைத் தமிழ்நாட்டு விடுதிகளில் விட்டுவிட்டுத்தான் இருக்கின்றன. மே மாதம் அவர்கள் ஊருக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு சபையில் செய்தி, திங்கட்கிழமை ஒரு கல்யாணம், மறுநாள் ஜெபக்கூட்டம் என்று ஓடிவிடும். பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரம் தேடித்தான் எடுக்க வேண்டும். நம் சபைகள் இந்தக் குடும்பங்களை மேடையேற்றுவதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

மூன்றாவது கேள்வி, சொந்தக்காரர்கள் வந்தார்களா என்பது. கப்பல் காலத்தில் வந்தவர்கள் மிகக் குறைவு; செலவும் காலமும் இடம் தரவில்லை. ஆனால் ஒருவர் வந்தார். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியத்துக்காக இங்கே இருந்த ஷெர்வுட் எடி என்பவரைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து அவருடைய தாயார் மார்கரெட் எடி வந்தார். வந்த இடத்தில், மிஷனெரித் தாய்மார் பிள்ளைகளின் படிப்புக்காகப் படும் பாட்டைக் கண்டு, தாமே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நாம் இவ்வளவு நேரம் பேசிய அந்த 1901-ஆம் ஆண்டுப் பள்ளியின் முதல் தலைவி அவர்தான். பிற்காலத்தில் பெயர் மாறி, கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்று, ஏழு ரோடு சந்திப்பில் அது இன்றும் நடந்துவருகிறது.