லக்ஷபான வெளிச்சமும் எங்கள் லயத்து முகவரியும்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடும் இந்த மாடிப்படி ஏறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர் ஐயா அவர்களே, என் கட்டுரைகளைப் பொறுமையாகத் திருத்தித் தந்த பேராசிரியர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் அவர்களே, ஹட்டனிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்து சேர்ந்த ஆசிரிய நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி. யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலைநாட்டின் நோட்டன் பிரிஜ்ஜில் நீர் மின்நிலையத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்பின் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். மூன்று விடயங்களைச் சொல்லப்போகிறேன். அந்த மின்நிலையம் எப்படி வந்தது, குடியிருப்பில் வாழ்க்கை எப்படி இருந்தது, அணைகளுக்காக ஊரை இழந்தவர்களின் கதை என்ன என்பவை அவை.

'விளக்கடியில் இருட்டு' என்று என் அப்பாயி அடிக்கடி சொல்வார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் கட்டுரை படித்தார். 1924 இல் வேலை தொடங்கியது. 1927 இல் பணமில்லை என்று நிறுத்தினார்கள். அதன்பின் 1929 இல் கொழும்புக்கெனக் கொலன்னாவையில் அனல் மின்நிலையம் வந்துவிட்டது. மலையில் வெட்டிய இடம் புல் மண்டிக் கிடந்தது. கெஹெல்கமு ஓயா ஆற்றை நோட்டனில் மறித்து, சுரங்கம் வழியாக லக்ஷபானவுக்கு இறக்கி, 25 மெகாவாட் எடுத்தது 1950 இல்தான். அதைக் கண்ணால் பார்க்கும்வரை விமலசுரேந்திர உயிரோடு இருந்தார், 1953 இல்தான் காலமானார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரில் ஓடத் தொடங்கிய 50 மெகாவாட் நிலையத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்கள் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். இரண்டே வருடத்தில் எங்கள் மலையிலிருந்து கம்பி வழியாகக் கொழும்புக்கு வெளிச்சம் போனது. விளக்கடியில் இருட்டு!

சரி, குடியிருப்புக்கு வருவோம். மின்நிலையத்துக்காரர்களின் குவாட்டர்ஸ் வீடுகள் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு நேர் எதிர்ச் சரிவில் இருந்தன. இரவில் அங்கே வரிசையாக மஞ்சள் வெளிச்சம். எங்களிடம் குப்பி விளக்கு. ஆனால் சின்ன வயதில் என்னை அதிகம் ஈர்த்தது வெளிச்சமல்ல. ஒவ்வொரு கதவிலும் வெள்ளைப் பெயின்டில் ஓர் இலக்கம் இருந்தது. தபால்காரர் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் கடிதம் கொடுப்பார். எங்கள் லயத்துக்கு வந்த கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும்.

1973 இல் எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. ஆபீஸ் மேசையில் கிடந்த அது என் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து பதினொரு நாள். அம்மா அன்று பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்குக்கு, போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரே எதிர்ச் சரிவுக்கு நடந்தார். அங்கே ஒரு ஃபோர்மன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் கொத்திக் கொடுப்பது அவர் வழக்கம். விடயத்தைக் கேட்ட ஃபோர்மன் மாத்தயா, "அக்கா, இனி நம்ம வீட்டு நம்பர் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த விண்ணப்பத்தில் இலக்கம் 14 என்று எழுதினேன். எழுதும்போதே கை நடுங்கியது. அப்புறம் நான்கு மாதம் கழித்து, ஒரு ஜூலை மழையில், இரவுச் சேவை முடித்த அந்த மனிதர் வீட்டுக்குக் கூடப் போகாமல் ஆற்றைத் தாண்டி எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. தொப்பியைக் கழற்றினார். உள்ளே மடித்து வைத்திருந்த கடிதம் காய்ந்து இருந்தது. லயத்தில் பத்துக் காம்பிராவிலும், பத்து வீட்டு அறைகளிலும், இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், கருப்பட்டியோடு. அந்தக் கடிதத்தால்தான் நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கடியில் போன பழைய மஸ்கெலியாவைப் பற்றிப் பேசவேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

லயங்களுக்கு இப்போது மின்சாரம் வந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். மெத்தச் சரி. ஆனால் இன்றும் பல தோட்டங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. வங்கிக் கடிதமும் நீதிமன்ற அழைப்பாணையும் பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதியும் ஒரே மேசையில் போய் விழுகின்றன. நான் கேட்பது பெரிய நிதியில்லை. ஒவ்வொரு கதவுக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு லயத்துப் பாதைக்கும் ஒரு பெயர், கடிதம் அந்தக் கதவுக்கே வரவேண்டும். மின்நிலையக் குடியிருப்புக்கு ஒரு டின் பெயின்டில் முடிந்த வேலை இது. விளக்கடியில் இருட்டு, அந்த இருட்டுக்கு மின்சாரக் கம்பி மட்டும் போதவில்லை.

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. பொறியியலாளர் ஐயா முதல் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார். மற்றவர்களும் போடுங்கள். பெயருக்குக் கீழே உங்கள் வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் மறக்காமல் முழுதாக எழுதுங்கள். நன்றி, வணக்கம்.