பெட்டியில் 90 மடங்கு என்று போட்டிருந்தாலும் 18 மடங்கில் பாருங்கள்

[திரையில்: பொம்மைத் தொலைநோக்கிப் பெட்டி. அட்டையில் வளையங்களோடு பளபளக்கும் சனிக்கோள்]

வணக்கம். ஆசையாக வாங்கிக் கொடுத்த தொலைநோக்கி ஒரே வாரத்தில் பரணுக்குப் போய்விட்டால், பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், பிள்ளையின் மேல் தவறே இல்லை. அட்டையில் இருந்த படமும் எண்ணும் சேர்ந்துதான் அந்த ஆர்வத்தைக் கெடுத்தன.

ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குப் பரவலாக விற்கும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 36050 என்ற எண்ணோடு வரும். 360 என்பது மில்லிமீட்டரில் அதன் குவியத் தொலைவு, அதாவது முன்வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம். 50 என்பது முன்வில்லையின் விட்டம். கூடவே கண்ணை வைத்துப் பார்க்கும் பக்கத்தில் மாற்றி மாற்றிச் செருக 20 மிமீ, 6 மிமீ என்று இரண்டு கண்வில்லைகள், உருவத்தை ஒன்றரை மடங்காக்கும் ஒரு குழாய், மேசைமேல் வைக்கும் குட்டி முக்காலி ஆகியவை இருக்கும்.

[திரையில்: 360 ÷ 20 = 18, 360 ÷ 6 = 60, 60 × 1.5 = 90]

குவியத் தொலைவைக் கண்வில்லையின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். 20 மிமீ போட்டால் 18 மடங்கு. 6 மிமீ போட்டால் 60. ஒன்றரை மடங்குக் குழாயையும் செருகினால் 90. அட்டையில் பெரிதாக அச்சடிப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். சற்றே பெரிய 60 மிமீ தொலைநோக்கிகளில் 525 மடங்கு என்றுகூடப் போடுகிறார்கள். 700ஐ 4ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 525 வந்துவிடும். கணக்கு சரிதான். அதன் வழியே பார்த்தால் மங்கிய வெளிச்சத் திட்டு ஒன்றுதான் தெரியும்.

முன்வில்லைக்குள் நுழையும் ஒளியின் அளவு மாறுவதில்லை. உருவத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அதே ஒளி பரவி மங்கிப்போகிறது. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே நல்ல கண்ணாடி வில்லைக்கான உச்சவரம்பு. அதன்படி 50 மிமீக்கு 100 மடங்கு. ஒற்றை வில்லை போட்ட பொம்மையில் அதில் பாதி தேறினாலே பெரிய விஷயம். முக்காலி ஆடினால் அந்த ஆட்டமும் 90 மடங்காகத் தெரியும். பூமி சுழல்வதால் நிலா இரண்டு நிமிடத்துக்குள் பார்வைப் பரப்பைவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் சரிபார்த்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தும்போது அங்கே வெறும் இருட்டுதான் இருக்கும்.

[திரையில்: இருட்டறை. கண்வில்லைக்குப் பின்னால் கைப்பேசி விளக்கு, முன்வில்லையின் முன் வெள்ளைத்தாள்]

இப்போது ஒரு சோதனை. தொலைவில் உள்ள ஒரு பொருளைத் தெளிவாகத் தெரியும்படி சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு இருட்டறையில் 20 மிமீ கண்வில்லைக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, கைப்பேசி விளக்கைப் பிடியுங்கள். முன்வில்லையை ஒட்டி ஒரு தாளை வைத்தால் அதில் ஒளி வட்டமாக விழும். அந்த வட்டத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 50 மிமீ இருந்தால் மகிழ்ச்சி. 25 அல்லது 30தான் இருந்தால், குழாய்க்குள் துளையிட்ட தடுப்பு வளையம் ஒன்று ஒளியின் ஓரங்களை வெட்டுகிறது என்று பொருள். விட்டம் பாதியானால் கிடைக்கும் ஒளி கால்வாசிதான்.

இதைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வரும். 50 என்று சொல்லி விற்றதால் அந்தக் கோபம் நியாயமானதே. ஆனாலும் வளையத்தைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். மலிவான ஒற்றை வில்லையின் ஓரப்பகுதி உருவத்தைக் குழப்பும். விளிம்பில் நீலமும் ஊதாவும் கசியும். ஓரத்தை மறைத்தால் உருவம் தெளிகிறது. கலிலியோவும் தம் முன்வில்லையின் ஓரங்களை இப்படி மறைத்துத்தான் வானத்தைப் பார்த்தார். அவருடைய தொலைநோக்கி ஏறக்குறைய 20 மடங்குதான் பெரிதாக்கியது.

உங்கள் பொம்மையில் 20 மிமீ கண்வில்லை தருவது 18 மடங்கு. வியாழனின் நிலவுகளைக் கண்டுபிடித்த கருவிக்கு மிக அருகில் இருக்கிறீர்கள்!

1610 ஜனவரி 7ஆம் தேதி இரவு வியாழனை ஒட்டி மூன்று சிறிய புள்ளிகளைக் கலிலியோ பார்த்தார். கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. 13ஆம் தேதி நான்காவது புள்ளியும் தென்பட்டது. அதே நான்கையும் நம் மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம். தாளில் ஒரு வட்டம் போட்டு, புள்ளிகள் நிற்கும் இடத்தைப் பிள்ளையையே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நான்கு நிலவுகளில் அயோ இரண்டு நாளுக்குள் வியாழனை ஒரு சுற்று சுற்றி முடித்துவிடும். கலிஸ்டோவுக்கு 16 நாளுக்கு மேல் ஆகும். மறுநாள் புள்ளிகள் இடம் மாறியிருப்பதைப் பார்க்கும் பிள்ளை, அதற்கடுத்த நாள் தானாகவே மாடிக்கு ஓடும்.

நிலாவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள். வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்கள் நிழலின்றித் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். பள்ளங்களின் விளிம்புகள் நிழலோடு எழுந்து நிற்கும். இங்கே மட்டும் 60 மடங்கை முயன்று பார்க்கலாம்.

சனிக்கோள் 18 மடங்கில் சற்று நீண்ட முட்டைபோலத் தெரியும். கலிலியோவுக்கே அது வளையம் என்று புரியவில்லை; மூன்று கோள்கள் ஒட்டி நிற்பதாக நினைத்தார். வளையம் என்று 1659இல் விளக்கியவர் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ். அட்டைப் படத்தை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்க வையுங்கள். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் குறைந்த மடங்கில்தான் முழுதாகப் பார்வைக்குள் அடங்கும்.

[திரையில்: சிவப்பு எழுத்தில், சூரியனைப் பார்க்காதீர்கள்]

தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு கணம் போதும், கண் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். சில பெட்டிகளில் கண்வில்லையில் திருகும் கறுப்புச் சூரிய வடிகட்டி வருகிறது. ஒளி குவியும் இடத்துக்கு அருகில் இருப்பதால் அது சூடேறி விரிசல் விடக்கூடும். அதை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். பகலில் கருவி பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

முக்காலியை ஆடும் பிளாஸ்டிக் மேசைமேல் வைக்காமல் மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, கால்களின்மேல் மணல் நிரப்பிய துணிப்பை ஒன்றைப் போடுங்கள். குழாயைத் தொட்டபின் இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டாம்.

மலிவு என்றாலே மட்டம் என்றில்லை. 2009 சர்வதேச வானியல் ஆண்டுக்காக உருவான கலிலியோஸ்கோப்பிலும் இதே 50 மிமீ விட்டம்தான். பிள்ளைகளே பூட்டிச் சேர்க்கும் கருவி அது. முன்வில்லை இரண்டு வகைக் கண்ணாடியை இணைத்துச் செய்தது. குவியத் தொலைவு 500 மிமீ. நிறக் கசிவு வெகுவாகக் குறைந்து 25 மடங்கில் சனியின் வளையம் தெரிந்தது. அதனால் கடையில் எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள். முன்வில்லை கண்ணாடியா, ஒன்றா, இரண்டு சேர்ந்ததா, கண்வில்லைக் குழாயின் விட்டம் ஒன்றேகால் அங்குலமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையாக இருந்தால், தொலைநோக்கிக்குப் பதிலாக 7×50 (7 மடங்கு, 50 மிமீ விட்டம்) இருகண்நோக்கி ஒன்று வாங்கிவிடலாம். பத்து வயதுப் பிள்ளை அதைக் கையில் பிடித்தே கார்த்திகையைப் பார்க்கும். பகலில் பறவையும் பார்க்கலாம்.