கட்டையை இறக்குங்கள், சங்கதியை இறக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் மேடைக்குப் பஞ்சமே கிடையாது. ராமேசுவரத்தில் ஆடித் திருக்கல்யாணம், தங்கச்சிமடத்தில் மாதா கோவில் திருவிழா, பாம்பனில் கல்யாண வரவேற்பு என்று எங்கே பார்த்தாலும் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இருக்கும். அந்த மேடைகளில் இருபது, முப்பது வருஷமாகச் சினிமாப் பாட்டு பாடிய மூத்த பாடகர்கள் பலருக்கு ஒரு ஆசை உண்டு: ஒரு கீர்த்தனையை முறையாகப் பாடிவிட வேண்டும். நல்ல ஆசை. அவர்களுக்காகவும், அவர்களைக் கேட்கும் உங்களுக்காகவும்தான் இந்தப் பேச்சு.

முதலில் கட்டை, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்கிற சுருதி; மேடையில் ஸ்கேல் என்கிறோமே, அதுதான். இதைப் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியத்தில் 'ஸி' என்கிற வெள்ளைக் கட்டை ஒன்று, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரை அரையாக ஒன்றரை, இரண்டரை, நாலரை. சினிமாப் பாட்டை ரெக்கார்டில் இருக்கிற ஸ்கேலிலேயே பாடிப் பழகியிருப்போம். கீர்த்தனைக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. பாடுகிறவர் குரல்தான் கட்டையைத் தீர்மானிக்கும்.

எப்படித் தீர்மானிப்பது? பல கீர்த்தனைகள் மந்தர பஞ்சமத்தில், அதாவது கீழ் ஸ்தாயி 'ப'வில் இறங்கி, தார காந்தாரம், அதாவது மேல் ஸ்தாயி 'க', சில சமயம் தார பஞ்சமம் வரைக்கும் ஏறும். ஒரு கட்டையை வைத்துக்கொண்டு மந்தர பஞ்சமத்தில் வார்த்தை தெளிவாக விழுகிறதா பாருங்கள். வெறும் காற்றாகப் போனால் கட்டை தாழ்வு. மேலே தார காந்தாரத்தில் நின்று நாலு எண்ணுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் கட்டை அதிகம். இதைக் காலையில் எழுந்ததும் செய்யாதீர்கள். தூங்கி எழுந்த குரல் இயல்பாகவே தாழ்ந்து இருக்கும். கச்சேரி ராத்திரி எட்டு மணிக்கு என்றால், ராத்திரி எட்டு மணிக்கு, இரண்டு பாட்டு பாடிய பிறகு பாருங்கள்.

வயது ஆக ஆக, அதிலும் பெண்களுக்கு, குரல் இறங்கும். முப்பது வயதில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர் ஐம்பத்தைந்தில் நாலரைக்கு வருவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பலர் வரமாட்டார்கள். பழைய கட்டையிலேயே நின்று, மேலே எட்டாத சங்கதியை, அதாவது ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுகிற அந்த அழகை, வெட்டிவிடுவார்கள். எனக்கு வருத்தமே அங்கேதான். கட்டை உங்களுடையது, சங்கதி பாட்டினுடையது.

இதற்கு ஒரு அமெரிக்க உதாரணம் சொல்கிறேன். அரீத்தா ஃபிராங்க்ளின் என்றால் சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைக்கு ராணி. டெட்ராய்டில் அப்பாவின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 1998 பிப்ரவரியில் நியூயார்க்கில் கிராமி விருது விழா. இத்தாலியப் பாடகர் பவரோட்டி பாடுவதாக ஏற்பாடு. பாட்டு, புச்சினியின் 'துராந்தோ' என்கிற ஆபராவின், அதாவது பாட்டாலேயே நடக்கிற இசை நாடகத்தின், கடைசி அங்கத்தில் கதாநாயகன் பாடுகிற 'நெஸ்ஸுன் தோர்மா'. விழா நேரத்தில் பவரோட்டிக்குத் தொண்டை சரியில்லை, வர முடியாது என்று தகவல். இரண்டு நாள் முன்னால்தான் அவரைக் கௌரவித்த ஒரு விருந்தில் அரீத்தா இதே பாட்டைப் பாடியிருந்தார். அவரையே கேட்டார்கள். அவரும் ஒத்துக்கொண்டார்.

இங்கேதான் கவனியுங்கள். பெரிய வாத்தியக் குழு தயாராக இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கிற தாள், பவரோட்டி ஸ்கேலில் எழுதியது. ஸ்கேலை மாற்ற வேண்டுமானால் அத்தனை தாளையும் திருப்பி எழுத வேண்டும். அதற்கு நேரம் இல்லை. ஆணின் ஸ்கேலில் ஒரு பெண் பாடியாக வேண்டும். அரீத்தா பாடினார். ஆபராக்காரர்கள் மைக் இல்லாமல் வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்பதற்காகவே குரலை வேறு மாதிரிப் பழக்குகிறவர்கள். அந்தக் குரலை அவர் கடன் வாங்கப் பார்க்கவில்லை. தேவாலயத்தில் பாடிய அதே குரல், அதே குழைவு. அப்போது அவருக்கு 55 வயது. அரங்கமே எழுந்து நின்றது.

அவருக்கு ஸ்கேலை மாற்ற வழி இல்லை, குரலால் சமாளித்தார். நமக்கு வழி இருக்கிறது. கீபோர்டில் ஸ்கேலை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் முடிந்தது. ஆனால் அதிலேயும் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். கீபோர்டை இறக்கிவிட்டு சுருதிப் பெட்டியை இறக்க மறப்பார்கள். முதல் வரியிலேயே பாடகர் தடுமாறுவார். அல்லது கீர்த்தனை முடிந்ததும் டிரான்ஸ்போஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறப்பார்கள். அடுத்த டூயட் தப்பான ஸ்கேலில் தொடங்கும். புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுத்து வர வேண்டும். மிருதங்கக்காரருக்கு முன்னாடியே சொல்லியாக வேண்டும்: ஐந்தரைக்குக் கொண்டுவருகிற ஹெச்சு சுருதி, அதாவது உயர்ந்த சுருதி மிருதங்கத்தை மேடையில் ஒரு கட்டை இறக்கினால் நாதம் செத்துப்போகும். போதாததற்கு நம்ம கடல் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி தானாகவே இறங்கும். அதனால் திறந்தவெளி மேடையில் பாட்டுக்குப் பாட்டு வலந்தலையை, அதாவது மிருதங்கத்தின் வலது பக்கத் தோலைத் தட்டிப் பார்த்துச் சேர்த்துக்கொள்வதுதான் நல்லது.

அடுத்தது ராகம். ஹம்சத்வனி, மோகனம் இரண்டுக்கும் கீபோர்டு ஓரளவு ஒத்துப்போகும். சஹானா, தோடி, பேகடா ஒத்துப்போகாது. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும்; கீபோர்டோ ஒரே இடத்தில் அழுத்தி நிற்கும். பாடகர் சரியாகப் பாடினாலும் கேட்கிறவருக்கு அபஸ்வரம் மாதிரி இருக்கும். அந்த ராகங்களுக்குக் கீபோர்டை நிறுத்திவிட்டு வயலின் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சினிமாப் பாட்டில் வரி முடிகிற இடத்தில் குரலை நடுங்கவிடுகிற பழக்கம். ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் வேறு, நடுக்கம் வேறு. கமகத்தில் எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்குப் போய் வருகிறோம் என்று கணக்கு உண்டு.

நடுக்கம் போக மருந்து நம்ம சீமையிலேயே இருக்கிறது. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு, ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்கார், 1860-லிருந்து 1919 வரை வாழ்ந்தவர். அவருடைய மோகன ராக வர்ணம் 'நின்னு கோரி'யை முதல் காலத்தில், அதாவது மெதுவாக, அகாரத்தில், அதாவது வார்த்தை இல்லாமல் 'ஆ' என்று, தம்பூரா மட்டும் வைத்துக்கொண்டு பாடுங்கள். மெதுவாகப் பாடும்போது குரல் எங்கே ஆடுகிறது என்று ஒளிக்க முடியாது. மூன்று மாதம் அதுவே போதும். கீர்த்தனை அதற்கப்புறம்.

ராமேசுவரம் மேடை என்றால் முத்துசுவாமி தீட்சிதரின் 'ராமநாதம் பஜேஹம்' பாட ஆசைப்படுவார்கள். இப்போது பந்துவராளி என்று பாடப்படுகிற காசிராமக்ரியா ராகம், ரூபக தாளம், மூன்று எண்ணிக்கை. ரிதம் பேடு என்கிற எலெக்ட்ரானிக் தாளக் கருவியில் ரெடியாக இருக்கிற, திரும்பத் திரும்ப ஓடும் நாலு எண்ணிக்கை லூப்பைப் போட்டுவிடாதீர்கள். மூன்றும் நாலும் 12 எண்ணிக்கைக்கு ஒரு தடவைதான் சேரும். நடுவில் எல்லாம் இடறும். பேடை மூடிவிட்டு மிருதங்கம் மட்டும் வாசிக்கட்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மைக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். உதட்டில் ஒட்டிப் பிடிக்காதீர்கள். கீழ் ஸ்வரம் கொழகொழக்கும், தார ஸ்தாயி கிழியும். நாலு விரல் தூரம், பாட்டு முழுக்க அதே தூரம். எக்கோவை அடியோடு குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துரிதமான சங்கதியில் ஒரு ஸ்வரம் அடுத்ததன் மேல் விழும். ஆடிக் காற்று அடிக்கிற மேடையில் மைக் தலைக்குப் பஞ்சு உறை கட்டாயம். மூச்சு, 'ராமநாதம்' முழுசாக முடிந்த பிறகு எடுங்கள். 'ராம'வுக்கும் 'நாத'த்துக்கும் நடுவில் எடுக்காதீர்கள். சரணத்துக்கும் இதேதான், சொல் எங்கே முடிகிறது என்று நோட்டில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு பழகுங்கள். வணக்கம்.