ஒன்பது குஞ்சுகளின் தலையிலும் பட்டாணிக் கொண்டை: பெருவிடைப் பெட்டையின் சோதனை முடிந்தது

நேயர்களுக்கு வணக்கம். களக்காட்டு வாழைத்தோப்பிலிருந்து பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் நான் வீடியோ போடுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நேற்று இரவு முதல் பஞ்சாரத்துக்குள் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகு, ஞாயிறு வரை காத்திருக்க என்னால் இயலவில்லை. என் பெருவிடைப் பெட்டையின் கொண்டை மரபணுவில் கலப்பு உண்டா என்று பார்க்க அடை வைத்த 11 முட்டைகளில் 9 பொரித்துவிட்டன; இரண்டு கூமுட்டையாகப் போயின. பொரித்த ஒன்பதில் ஒன்றுக்குக்கூட ரம்பப் பல் போல நிமிரும் ஒற்றைக் கொண்டை இல்லை; அத்தனைக்கும் தலையோடு படிந்த பட்டாணிக் கொண்டைதான். இதில் இவ்வளவு மகிழ்ச்சி எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்கக்கூடும். அதற்கு அந்தச் சேவலின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் சேவல் ஒன்றை வாங்கினேன். "சுத்தமான பெருவெட அண்ணாச்சி, அசில் ரத்தம்" என்று சொல்லி 2,400 ரூபாயில் ஆரம்பித்தார். பெருவிடை என்பது பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழி, சிறுவிடை என்பது சிறிய உடம்புள்ளது; அசில் என்பது சண்டைக்கோழி இனம். அரை மணி நேரம் பேசி 1,850 ரூபாய்க்கு முடித்தேன். மூன்று கிலோ இருக்கும் என்றார். வீட்டுக்கு வந்து தொங்கு தராசில் போட்டபோது 2 கிலோ 150 கிராம்தான் இருந்தது. கிலோவுக்கு ஏறத்தாழ 860 ரூபாய் வருகிறது. வளர்ந்த அசில் சேவல் என்றால் 4 முதல் 5 கிலோ வரை வர வேண்டும். இந்தக் கணக்கை முந்தைய வீடியோவிலேயே சொன்னேன், ஆனாலும் என் மனம் ஆறவில்லை. பணம் போனதைவிட, அந்த அந்தி வெளிச்சத்தில் கொண்டையைக் குனிந்து பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது. கழுத்தில் செம்பொன், வாலில் கரும்பச்சை, மார்பு கருப்பு என்று அவ்வளவு அழகான நிறம் அது.

நிறத்தைப் பார்த்து இனத்தின் பெயரைச் சொல்லாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. கீரி, காகம், மயில், செவலை என்று சேவலுக்கு நம் ஊரில் வழங்கும் பெயர்களெல்லாம் நிறத்தின் பெயர்களே தவிர இனத்தின் பெயர்கள் அல்ல. ஒரே தாயின் அடையில் கீரியும் பிறக்கும், காகமும் பிறக்கும். இனம் தெரிய வேண்டுமென்றால் கொண்டை, தாடி, காது மடல், அலகு, கால், நிற்கும் வாகு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அசில் நிமிர்ந்து நிற்கும். கழுத்து நீளம், அலகு குட்டையாகவும் தடித்தும் இருக்கும், தாடி இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்குச் சிறுத்திருக்கும், இறகு உடம்போடு ஒட்டிக் கிடக்கும். கொண்டையோ மூன்று தாழ்ந்த வரப்புகள் பக்கம் பக்கமாக ஓடியதுபோல, நடு வரப்பு சற்று உயர்ந்து, தலையோடு படிந்திருக்கும். இதைத்தான் பட்டாணிக் கொண்டை என்கிறோம். என் 1,850 ரூபாய்ச் சேவலின் தலையிலோ ரம்பப் பல் போன்ற ஒற்றைக் கொண்டை, தாடியும் இரண்டு பக்கமும் தொங்குகிறது.

ஒற்றைக் கொண்டை என்றால் வெறும் கலப்பு என்று சொல்லி விட்டுவிட முடியாது. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு மரபணுவும் தகப்பனிடமிருந்து ஒரு மரபணுவும் வருகின்றன. பட்டாணிக் கொண்டையின் மரபணு ஒன்று வந்தாலே போதும், கொண்டை பட்டாணி வடிவத்துக்குத் திரும்பிவிடும். தூய அசில் சேவலைச் சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால்கூட முதல் தலைமுறைக் குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை வராது. ஆகவே இந்தச் சேவலின் தாய் வழியிலும் கலப்பு இருக்கிறது, தகப்பன் வழியிலும் கலப்பு இருக்கிறது. பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் கண்ட மரபு விதிகள் செடிகளுக்கு மட்டுமல்ல, விலங்குகளுக்கும் பொருந்தும் என்று ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் 1902ஆம் ஆண்டில் காட்டியதற்கு இந்தக் கோழிக் கொண்டைதான் சான்றாக நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனி பெட்டைக்கு வருகிறேன். வள்ளியூர்ப் பக்கம் இருக்கும் என் மதினி, தன் வீட்டுச் செவலைப் பெட்டையைக் கொடுத்தார்கள். தலையில் அழகான பட்டாணிக் கொண்டை, வெளிறிய முத்துக் கண், தடித்த கால். ஆனால் பார்வைக்குப் பட்டாணிக் கொண்டையாக இருந்தாலும் அது ஒரு மரபணுவோடு இருக்கிறதா, இரண்டோடு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பட்டாணி மரபணு ஒன்றுகூட இல்லாத சேவல் வேண்டும். என்னிடம் அப்படி ஒன்று, 1,850 ரூபாய் கொடுத்து வாங்கியது, கொல்லையில் நின்றுகொண்டிருந்தது. பெட்டையில் கலப்பு இருந்தால் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி ஒற்றைக் கொண்டையோடு பிறக்கும். இல்லையென்றால் அத்தனையும் பட்டாணியாகவே வரும். கலப்புப் பெட்டைக்கு ஒன்பது குஞ்சும் தற்செயலாகப் பட்டாணியாகவே அமைவதற்கு 512இல் ஒரு வாய்ப்புதான் உண்டு.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், அது முக்கியமானது. பெட்டையை நேராகக் கொண்டுவந்து சேவலோடு விட்டிருந்தால் இந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. முன்பு சேர்ந்த சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால் மூன்று வாரம் தனிக்கூண்டில் வைத்திருந்து, அந்த நாட்களில் இட்ட முட்டைகளைச் சமையலுக்குக் கொடுத்த பிறகுதான் சேர்த்தேன். முட்டைகளை அடைகாத்தது அந்தப் பெட்டை அல்ல, நம் பழைய சிறுவிடைத் தாய்தான். அவளுடைய முட்டை எதையும் கலக்கவில்லை.

இதோ, இந்தக் குஞ்சை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டுகிறேன். அலகு முடியும் இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள். ஒற்றைக் கொண்டைக் குஞ்சாக இருந்தால் அந்த இடத்தில் தைத்த நூல்போல மெல்லிய கோடு ஒன்று நிமிர்ந்திருக்கும். இதில் அரிசி மணியைப் படுக்க வைத்தாற்போல அகலமான மேடு இருக்கிறது. நகத்தின் நுனியால் வருடினால் மூன்று வரிசை தட்டுப்படுகிறது. என் ஆச்சி கொண்டையைப் பூ என்றுதான் சொல்வாள். இந்தப் பிஞ்சுத் தலையைப் பார்க்கும்போது அந்தச் சொல்லே சரியானது என்று தோன்றுகிறது.

இதை வைத்து இந்தப் பெட்டை முழுத் தூய அசில் என்று நான் அறிவிக்கவில்லை. கொண்டை மரபணு ஒன்று தெளிந்தது, அவ்வளவே. கால் நிறத்துக்கு வேறு கதை இருக்கிறது. நம் கோழிகளுக்கு மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக் கோழி. அதற்கு மஞ்சள் தோல் கிடையாது. மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டு ஆய்வில் கண்டறிந்தார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி நம் முண்டந்துறைக் காட்டில் கூவும் அதே பறவை. விடியற்காலையில் மலையடிவாரத்தில் நின்றால் என் சேவலும் அதுவும் மாறி மாறிக் கூவுவதைக் கேட்கிறேன். அதைப் பிடித்து வளர்க்கலாமா என்று சிலர் செய்தி அனுப்புகிறீர்கள். கூடவே கூடாது, அது சட்டம் காக்கும் காட்டுயிர்.

கருங்கோழி வாங்க விரும்புவோருக்கும் ஒரு வார்த்தை. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, கருப்பு இறகு இருந்தாலே அந்தப் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். நாக்கும் கொண்டையும் தோலும் கறுத்திருக்க வேண்டும். நாக்கு சிவந்திருந்தால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். அதன் ரத்தமும் கருப்பு, முட்டையும் கருப்பு என்பவர்களை நம்பாதீர்கள், ரத்தம் சிவப்புதான், முட்டை வெளிர் பழுப்புதான்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது சோனாலியை நாட்டுக்கோழி என்று விற்பது. ரோட் ஐலண்டு ரெட் சேவலையும் எகிப்தின் ஃபயோமிப் பெட்டையையும் சேர்த்து உருவாக்கிய கலப்பு அது. நல்ல கோழிதான், அதன் மேல் எனக்குக் குறை இல்லை. அதன் பெயரைச் சொல்லியே விற்கலாமே என்பதுதான் என் கோரிக்கை. கூண்டில் இருக்கும் நாற்பதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். நம் ஊர்க் கொல்லையில் வளரும் கோழிகள் நாற்பதும் நாற்பது விதமாக இருக்கும்.

கழுத்தறுத்தான் கோழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கழுத்தில் இறகு இல்லாதது நோய் அல்ல, மரபணு. கழுத்தின் முன்புறம் கீழே ஒரு குஞ்சம் இறகு மட்டும் மிச்சமிருந்தால் அந்த மரபணு ஒன்றுதான் இருக்கிறது. குஞ்சமும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் இரண்டும் இருக்கின்றன. நம் வெயிலுக்கு மிகவும் ஏற்ற கோழி.

சேவலை விற்றுவிடச் சொல்லி வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். நான் விற்கப்போவதில்லை. மதினி வீட்டில் இன்னும் இரண்டு பட்டாணிக் கொண்டைப் பெட்டைகள் இருக்கின்றன. நாளை மறுநாள் அவை தனிக்கூண்டுக்கு வருகின்றன.