தேய்வது குழல் இல்லை

துப்பாக்கி பழசாகிவிட்டது என்றதும் எல்லோரும் குழலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். போலீஸ் பிஸ்டலில் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பட்ட பாட்டைச் சொல்கிறேன், விளங்கிவிடும்.

1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். கொள்ளையன் மேல் பாய்ந்த 9 மி.மீ. குண்டு ஒன்று இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. பழி அந்தத் தோட்டாவின் தலையில் விழுந்தது. 10 மி.மீ.க்குப் போனார்கள், உதை அதிகம். அப்புறம் 1990இல், அதே தோட்டாவின் வெடிமருந்துக் கூட்டைக் குட்டையாக்கிய பாயின்ட் 40 (0.40 அங்குலத்) தோட்டா வந்தது. போலீஸ் துறைகள் போட்டி போட்டு வாங்கின.

பாயின்ட் 40க்காகப் பலர் வாங்கிய கிளாக் 22 பிஸ்டல், 9 மி.மீ.க்கென்று பிறந்த கிளாக் 17இன் உடம்புதான். இரண்டு தோட்டாவுக்கும் அழுத்த வரம்பு ஒன்றே, சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. சரி, தாங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் 9 மி.மீ. குண்டு சுமார் 8 கிராம். பாயின்ட் 40இல் 11.7 கிராம்கூட இருக்கும். முன்னே போகும் குண்டு கனமாக இருந்தால், ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதி, பின்னே ஓங்கி அடிக்கும்.

ஸ்லைடு போய்த் திரும்புவதற்குள், தோட்டாக்களை அடுக்கிய மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கியாக வேண்டும். ஸ்லைடைத் தடுத்து முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடின் வேகம் கூடும். மேகசின் ஸ்பிரிங் சோர்ந்தால் தோட்டா எழுவது தாமதிக்கும். இரண்டும் சேர்ந்தால் தோட்டா எழுமுன் ஸ்லைடு தாண்டிவிடும்; விசையை அழுத்தினால் ‘டிக்’ என்பதோடு சரி. குழலோ புதுசுபோலப் பளபளக்கும்! பிஸ்டலில் டார்ச் லைட் மாட்டியபோது இந்தக் கோளாறு அதிகமானதாகச் சில துறைகளில் புகார் எழுந்தது. 2010இல் வந்த நான்காம் தலைமுறை கிளாக்கில் இரட்டை ரீகாயில் ஸ்பிரிங் வைத்தார்கள்.

கடைசியில் எஃப்.பி.ஐ.யே 9 மி.மீ.க்குத் திரும்பியது; 2016இல் கிளாக்குக்கு ஆர்டர் போனது. குண்டு வடிவமைப்பு தேறியதுதான் முக்கியக் காரணம். துப்பாக்கி குறைவாகத் தேயும் என்பதும் கணக்கில் இருந்தது.

இன்னொன்று, சுடாமலே வரும் கேடு. டியூட்டி முடிந்ததும் தோட்டாவை வெளியே எடுத்து, மறுநாள் அதையே குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு உலோகச் சரிவில் இடிக்கும். குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் எகிறும். அந்தத் தோட்டாவைப் புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால், அதைச் சுடவே வேண்டாம், ஒப்படைத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.